தம்புரா அலையாத டர்ன்டேபிள்: ரீகா பிளானர் 3-லிருந்து டெக்னிக்ஸ் 1200ஜிஆர்2-க்கு

இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிள்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ராக், ஜாஸ் ரெக்கார்டுகளை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பேஸ் எவ்வளவு கீழே இறங்குகிறது, டிரம் எப்படி அதிர்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் வீணை வாசிப்பவள். வீட்டில் இருக்கும் எல்பிகளில் முக்கால்வாசி கர்நாடக இசை, அதிலும் பாதி கொல்கத்தா டம் டம் தொழிற்சாலையில் அச்சான பழைய எச்எம்வி தட்டுகள். ஊசி தட்டில் இறங்கியதும் என் காது போவது பாடகரிடம் இல்லை, பின்னால் இருக்கும் தம்புராவிடம். அது ஒரே இடத்தில் நிற்கிறதா, மெல்ல ஏறி இறங்குகிறதா? அங்கே தவறும் டேபிள் எத்தனை லட்சம் ஆனாலும் எனக்கு வேண்டாம்.

இதுவரை என்னிடம் இருந்தது ரீகா பிளானர் 3, ஆர்டோஃபான் 2எம் புளூ கார்ட்ரிட்ஜுடன் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்). நல்ல டேபிள், அதில் சந்தேகமே இல்லை. டோனி ரெல்ஃப், ராய் கேண்டி என்ற இருவர் 1973-இல் தொடங்கிய ஆங்கிலேய நிறுவனம் ரீகா. இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்துதான் நிறுவனத்தின் பெயர். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கனமான பொருள் அதிர்வைத் தனக்குள் சேர்த்துவைத்துப் பிறகு மெதுவாக வெளியே விடும், லேசான பொருள் உடனே விட்டுவிடும் என்பார்கள். பிளானர் 3-இன் கண்ணாடி ப்ளாட்டரும் (தட்டு உட்கார்ந்து சுழலும் வட்டம்) ஆர்பி330 ஆர்மும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) அந்த விலையில் பெரிய விஷயம். முதல் டர்ன்டேபிள் எது வாங்கலாம் என்று கேட்கும் மாணவிகளுக்கு இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் பெல்ட்டில் ஓடும் சாதாரண டேபிளின் வேகம் இரண்டு விஷயங்களை நம்பியிருக்கிறது. ஒன்று, மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் அலைவெண். இவற்றில் இருக்கும் சிங்க்ரனஸ் வகை மோட்டார் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைத்தான் பின்தொடரும். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடினால் மோட்டார் கரகரக்கும். இன்னொன்று, ரப்பர் பெல்ட். சென்னை வெயிலில் ரப்பர் தளரத்தான் செய்யும், மாற்றினால் சரியாகும். இதற்கு ரீகாவே நியோ என்ற தனி பவர் சப்ளை விற்கிறது. அது மோட்டாருக்கான அலையைத் தானே உருவாக்கிக் கொடுக்கும், வேகத்தையும் நுணுக்கமாகத் திருத்தலாம். அது இல்லாவிட்டால் பிளானர் 3-இல் வேகத்தைத் திருத்த வழியில்லை. நிமிடத்துக்கு 33 சுற்றிலிருந்து 45-க்கு மாற்றக்கூட ப்ளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும்.

வேகம் கொஞ்சம் மாறினால் என்ன என்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு அரைஸ்வர இடைவெளியை நூறு கூறாக்கினால் ஒவ்வொரு கூறும் ஒரு சென்ட். வேகம் 1 சதவீதம் கூடினால் சுருதி 17 சென்ட் ஏறும். தொடர்ந்து அப்படியே ஏறி நின்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் தெரியும். பியானோவிலும் கிட்டாரிலும் ஒலி எழுந்த உடனே தேயத் தொடங்கிவிடுவதால் அவ்வளவாகத் தெரியாது. தம்புரா தேய்வதற்குள் அடுத்த தந்தி வந்துவிடுகிறது, நாதஸ்வரத்தில் ஷட்ஜம் மூச்சுள்ளவரை நிற்கிறது. அங்கே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதோடு நம் சங்கீதத்தில் கமகமே அசைவுதான். வித்வான் கொடுத்த அசைவு எது, மெஷின் கொடுத்த அசைவு எது என்று குழம்ப வேண்டிய நிலை எனக்குப் பொறுக்காது.

மேலே போவது என்று முடிவான பிறகு நான் கேட்டவை நான்கு: லின் சோன்டெக் எல்பி12, ரீகா பிளானர் 8, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200ஜி, அதன் தம்பியான ஜிஆர்2.

எல்பி12-ஐக் கேட்டது லண்டன் ஹாரோவில், சித்தி பையன் வீட்டில். கிளாஸ்கோவில் 1970-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை செய்கிறார்கள். அப்போது வாங்கிய டேபிளுக்கே இன்றைய பேரிங், இன்றைய பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். அந்த விசுவாசம் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே துணைச் சட்டகம் மூன்று ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. மரத்தளம் போட்ட ஆங்கிலேய வீடுகளில் அதற்குத் தேவையும் இருக்கிறது. நான் அறைக்குள் போனபோது, "அக்கா, காலை மெதுவா வை" என்றான். குரல் அதில் அவ்வளவு இயல்பாக, உடம்போடு வந்தது. கேட்டவற்றில் குரலுக்கு முதல் பரிசு அதற்குத்தான். ஆனால் அந்த ஸ்பிரிங்குகளைச் சமன் செய்வது தனிக் கைவேலை. அதைச் செய்யத் தெரிந்த யாரும் எனக்குத் தெரிந்த வட்டத்தில் சென்னையில் இல்லை. எங்கள் வீட்டில் கான்கிரீட் தளம், குதித்தாலும் அலமாரி அசையாது. இல்லாத பிரச்சினைக்கு அவ்வளவு பணம் கொடுப்பானேன்?

பிளானர் 8 பெசன்ட் நகரில் ஒரு தோழியின் வீட்டில் இருக்கிறது. என் தட்டுகளையே எடுத்துப்போய் ஒரு மதியம் முழுக்கக் கேட்டேன். உடம்பெல்லாம் இலேசான பாலியூரிதேன் நுரை, மொத்த எடையே 4.2 கிலோ. ஆர்ம் ஆர்பி880, நியோ பவர் சப்ளை கூடவே வருகிறது. இதில் மிருதங்கம் கேட்பது ஒரு அனுபவம். சாப்பு விழுந்த அடுத்த நொடி அங்கே எதுவும் மிச்சமில்லை, அடுத்த சொல்லுக்கு இடம் சுத்தமாக இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையும் தொப்பியும் இவ்வளவு பிரிந்து நான் வேறெந்த டேபிளிலும் கேட்டதில்லை. நியோ இருப்பதால் வேகமும் சரியாகவே இருந்தது. மிருதங்கக்காரர் யாராவது என்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் ஒலி இல்லை, வசதி. ஆர்மின் உயரத்தைத் திருப்பி மாற்ற முடியாது. உயரமான கார்ட்ரிட்ஜ் போட்டால் ஆர்முக்கு அடியில் தகடு வைக்க வேண்டும், 2எம் வரிசைக்கே 2 மி.மீ. தகடு வேண்டும். தலைப்பகுதி கழலாது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள் ஓடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

டெக்னிக்ஸ் என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். "அது டிஜே மெஷின் ஆச்சே மேடம்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். வரலாறு அப்படியில்லை. பெல்ட் இல்லாமல் நேரடி மோட்டாரில் ஓடும் எஸ்பி-10 டேபிளை அவர்கள் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1972-இல் வந்த முதல் எஸ்எல்-1200 வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகச் செய்ததுதான், டிஜேக்கள் பிறகு கண்டுபிடித்துக்கொண்டார்கள். 2010-இல் நிறுத்தி, 2016-இல் புது மோட்டாரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய நேரடி மோட்டார்கள் மேல் இருந்த நியாயமான குறை, காந்தம் இரும்புத் துருவங்களைக் கடக்கும்போது வரும் நுண்ணிய தள்ளாட்டம். புது மோட்டாரில் இரும்பு உள்ளகமே கிடையாது, அதனால் அந்தத் தள்ளாட்டத்துக்கு மூலமே இல்லை.

கடையின் டெமோ அறையில் ஜியும் ஜிஆர்2-வும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஹெட்ஷெல், அதாவது கார்ட்ரிட்ஜ் மாட்டும் தலைப்பகுதி, கழலும் என்பதால் ஒரே கார்ட்ரிட்ஜை இரண்டிலும் மாற்றி மாற்றி மாட்டி, ஒரே வீணைத் தட்டைக் கேட்டேன். இப்படி நேர்மையான ஒப்பீடு வேறு டேபிள்களில் அவ்வளவு எளிதில்லை. ஜியின் எடை 18 கிலோ, அதில் ப்ளாட்டர் மட்டும் 3.6 கிலோ, மேலே பித்தளைத் தகடு. ஜிஆர்2-இன் ப்ளாட்டர் 2.5 கிலோ, பித்தளை இல்லை. ஜியின் ஆர்ம் மெக்னீசியம், ஜிஆர்2-இல் அலுமினியம். ஜியில் பின்னணி இன்னும் அமைதி. வீணையின் அனுமந்தரத் தந்தியை மீட்டியதும் குடத்திலிருந்து வரும் கார்வை ஒரு படி ஆழமாக இருந்தது. அது கற்பனை இல்லை, கடைக்காரர் மாற்றி வைத்தாலும் கண்டுபிடித்தேன். ஆனால் தம்புரா? இரண்டிலும் ஒன்றேபோல் நட்டுவைத்த மாதிரி நின்றது. இரண்டுக்கும் நிறுவனம் சொல்லும் வேக அலைவு அளவும் ஒன்றே: 0.025 சதவீதம், அதாவது அரை சென்ட்டுக்கும் கீழே. கார்வையில் ஒரு படி கூடுவதற்காக ஏறக்குறைய இரு மடங்கு விலை. ஜிஆர்2-வை எடுத்துக்கொண்டு, மீந்த பணத்தைக் கார்ட்ரிட்ஜிலும் தட்டு கழுவும் மெஷினிலும் போட்டேன். திரும்ப வாங்கச் சொன்னாலும் அப்படியே செய்வேன்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. எந்த டேபிளாலும் சரிசெய்ய முடியாத ஒன்று, நடு ஓட்டை தள்ளியிருக்கும் தட்டு. என்னிடம் உள்ள பழைய தட்டுகளில் இது சகஜம். ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், ஊசி நடுவிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது வேகம் அரை சதவீதம் கூடி அரை சதவீதம் குறையும். ஊசி உள்ளே போகப் போக இது இன்னும் மோசமாகும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி, அந்தக் கணக்கிலேயே தம்புரா அலையும். மேலே சொன்ன 0.025-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், இருபது மடங்கு! 1980-களின் தொடக்கத்தில் நகமிச்சி டிஎக்ஸ்-1000 என்ற ஜப்பானிய டேபிள் தட்டின் இந்தக் கோணலைத் தானே அளந்து நகர்த்திச் சரிசெய்தது. அந்த யோசனையை எல்லாரும் தொடர்ந்திருக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். நான் செய்வது, ஓட்டையை வட்ட அரத்தால் துளி அகலப்படுத்தி, ஆர்ம் இடவலமாக ஆடுவது நிற்கும்வரை தட்டை விரலால் தட்டித் தட்டி நகர்த்துவது. கிடைப்பதற்கு அரிய தட்டுகளில் அரம் வைக்க மாட்டேன்.

அதனால் டேபிள் மாற்றியதும் எல்லாத் தட்டும் அழகாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல தட்டுகள் மிக நன்றாக இருக்கின்றன. கோணல் தட்டுகளின் கோணல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது, ஏனென்றால் மறைப்பதற்கு வேறு அலைவு இல்லை.

கார்ட்ரிட்ஜ் இப்போது 2எம் பிரான்ஸ் (Bronze). புளூவைவிட மெல்லிய விளிம்புள்ள ஊசி. கச்சேரி எல்பிகளில் ஒரு பக்கம் இருபத்தைந்து நிமிடத்தைத் தொடும், முக்கியமான பகுதி தட்டின் உட்சுற்றில்தான் வந்து விழும். அங்கே புளூவில் 'ச' ஓசைகள் சற்றே கிழியும். பிரான்ஸில் அது பெருமளவு அடங்கிவிட்டது. ஆர்மின் உயரத்தை வளையத்தைத் திருப்பியே சரிசெய்யலாம் என்பதால் மாட்டுவதும் எளிது. டேபிளுக்கு மட்டும் செலவழித்து ஊசியில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, 78. பாட்டி காலத்து அரக்குத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. 33, 45 பட்டன்களை ஒன்றாக அமுக்கினால் ஜிஆர்2 78-இல் ஓடும். அரக்குத் தட்டின் பள்ளம் அகலம் என்பதால் எல்பி ஊசியை வைக்கக் கூடாது. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95எஸ்பி போன்ற 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசியை இன்னொரு ஹெட்ஷெல்லில் தயாராக வைத்திருக்கிறேன். கழற்றி மாட்ட ஒரு நிமிடம், பிறகு ஊசியின் எடையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவை அச்சான காலத்தில் வேகமே சீராக இல்லை, 78 என்று போட்டிருந்தாலும் முன்பின்தான் இருக்கும். அங்கேதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடர் கைகொடுக்கிறது. டிஜேக்களுக்கான உறுப்பு என்று மற்றவர்கள் ஒதுக்கும் அதுதான் எனக்கு இந்த மெஷினில் மிகப் பிடித்தது. வேகத்தை 8 சதவீதம் மேலும் கீழும் நகர்த்தலாம், அது சுருதியில் அரைக்கட்டைக்கு மேலேயே வரும். என் வீணை மூன்று கட்டை. இரண்டரைக் கட்டையில் இருக்கும் எல்பியை மூன்றுக்கு ஏற்றி, கூடவே வாசித்துப் பழகுகிறேன். காலமும் கொஞ்சம் விறுவிறுப்பாகும், சாதகத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

பிடிக்காதவை: கூட வரும் கேபிள் சாதாரணம், பின்னால் சாக்கெட் இருப்பதால் மாற்றிக்கொள்ளலாம். மிருதங்கத்தில் பிளானர் 8-இன் சுத்தம் இதில் இல்லை, பிரான்ஸ் போட்ட பிறகும் இல்லை. பார்க்க மெஷினாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் ஒரு அழகுப் பொருளாக வேண்டும் என்பவர்கள் ரீகா பக்கமே போகலாம்.

பிளானர் 3 வைத்திருப்பவர்கள் உடனே டேபிளை மாற்ற வேண்டாம். முதலில் பெல்ட்டை மாற்றுங்கள், பிறகு நியோ வாங்குங்கள். அதற்குப் பிறகும் நாதஸ்வரத் தட்டில் ஷட்ஜம் அசைந்தால், ஓட்டை சரியாக இருக்கும் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு டெமோ அறைக்குப் போங்கள்.