இலைக் கணக்குக்குச் சமையல் பேசுகிறவர்கள் கவனத்துக்கு

ஐப்பசியிலோ தையிலோ வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள், அதிலும் மாயவரம், கும்பகோணம், திருவாரூர் பக்கம் மண்டபம் பிடித்துவிட்டுச் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஆவணியில் என் அக்கா மகள் கல்யாணத்தில், ஆள் சாப்பிடாத இலைக்கும் சமையல் காண்ட்ராக்டர் பில் போட்ட கதை இது. காண்ட்ராக்டர் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. தவிரவும் இது அந்த ஒருத்தரோடு முடிகிற சங்கதி இல்லை.

ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணம் கிடையாது. அதனாலேயே கல்யாண வேலைகளுக்கு ஆடிதான் தோது. புடவைக்குத் திருபுவனம், குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில், பத்திரிகை வைக்க ஊர் ஊராக என்று ஞாயிற்றுக்கிழமை ஆனால் வேன் வாசலில் நிற்கும். சமையல்காரர்களும் அந்த மாசம் சும்மாதான் இருப்பார்கள். கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார்கள், மெனு போடுவார்கள், பொறுமையாகப் பேசுவார்கள். ஆவணி பிறந்துவிட்டால் அதே ஆள் போனை எடுக்கவே மாட்டார்.

இவரும் அப்படித்தான் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் போட்டோ ஆல்பம். இலைக்கு 260 ரூபாய் மதியச் சாப்பாடு. முதல் நாள் ராத்திரி டிபன் 160, காலை டிபன் 140. மதியத்துக்குக் குறைந்தது 400 இலை, அதற்கு மேல் போட்ட இலைக்குப் போட்டபடி. ஊரில் சொல்கிற விலைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "ருசி பாக்கணுமே" என்று அக்கா கேட்டதும், "வர்ற ஞாயித்துக்கிழமை திருக்கடையூர் வந்துடுங்கம்மா, குடும்பத்தோட" என்றார்.

ஆடியில் ஏது விசேஷம் என்று கேட்காதீர்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு முகூர்த்த மாசம் பார்ப்பதில்லை. பிறந்த தமிழ் மாசமும் நட்சத்திரமும்தான் கணக்கு. ஆடியில் பிறந்தவருக்கு ஆடியிலேயே. அதனால் அபிராமி சன்னதியில் வருஷம் முழுக்க மாலையும் கையுமாகத் தம்பதிகள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். நாங்களும் போனோம். முன்பின் தெரியாத ஒரு பெரியவரை விழுந்து கும்பிட்டு, அட்சதை வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். சாப்பாடு பிரமாதம், அதை மறைக்க மாட்டேன். அசோகா, அதுதான் பாசிப்பருப்பு அல்வா, இலையில் விழுந்ததும் ஓரத்தில் நெய் தனியாகப் பிரிந்து நின்றது. காலை டிபனில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைத்து மிஞ்சியிருந்த கடப்பாவைக்கூட ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ருசி பார்க்கக் கொடுத்தார்கள். மாஸ்டரை அடுப்படியிலிருந்து வரவழைத்து, "இவருதான் உங்களுக்கும் கை வைக்கப் போறவரு" என்று அறிமுகம் செய்தார் காண்ட்ராக்டர். சாயங்காலம் தரங்கம்பாடிக்குப் போய், பிள்ளைகள் டேனிஷ் கோட்டையைச் சுற்றி ஓட, நாங்கள் மணலில் உட்கார்ந்து அந்த அசோகாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பதினெட்டாம் பெருக்கு அன்று அட்வான்ஸ். காவிரித் துலாக்கட்டத்தில் காதோலை கருகமணி விட்டு, காப்பரிசி கலந்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 50,000 ரூபாய் கைமாறியது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், ரசீது கேட்டேன். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்ல நாள்ல ரசீது கிசீதுன்னுட்டு..." விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார் காண்ட்ராக்டர். அந்தக் கார்டில் சாமி படம் இருந்தது, இரண்டு போன் நம்பர் இருந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இல்லை. கேட்டரிங் செய்கிறவருக்கு அது கட்டாயம். பதிவுச் சான்று என்றாலும் சரி, உரிமம் என்றாலும் சரி, எண் ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் சமையல் ஆட்கள் வந்து இறங்கினார்கள். திருக்கடையூரில் பார்த்த மாஸ்டர் அதில் இல்லை. "ராத்திரிக்கு வந்துடுவாரு" என்றார்கள். ராத்திரி கேட்டதற்கு, "விடியக்காலம்." விடியற்காலையில் சாமான் வைக்கிற உக்கிராண அறை வாசலில் நின்றுகொண்டு சப்ளைப் பையன் ஒருத்தனைப் பிடித்து விசாரித்தேன். "அக்கா, நாங்க மன்னார்குடி பக்கம். நீங்க சொல்ற அண்ணன் யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்றான். அதே முகூர்த்தத்தில் நம்மவர் கையில் இன்னும் இரண்டு மண்டபம் இருந்திருக்கிறது. ஆடி முழுக்க அடைபட்டுக் கிடக்கிற கல்யாணமெல்லாம் ஆவணி முகூர்த்தத்தில் வந்து விழுகிறது. பெயர் வாங்கின காண்ட்ராக்டர் எதையும் வேண்டாமென்று சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பெரிய இடத்துக்குத் தன் மாஸ்டரை அனுப்பிவிட்டு, மிச்சத்தை இன்னொருத்தருக்குக் குறைந்த ரேட்டில் தள்ளிவிடுகிறார்.

எவ்வளவு குறைவு என்பதும் தெரிந்தது. மதியம் முதல் பந்தியில் அசோகா வந்தது. நிறம் மட்டும்தான் அசோகா. ஆறினதும் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டது; டால்டா. அக்கா சமையல்கட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். வந்திருந்த இரண்டாவது மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, எனக்கு இலைக்கு 180 தான். 180-க்கு நெய் எங்கேர்ந்து ஊத்துறது?" அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. எங்களிடம் 260, அவருக்கு 180. நடுவில் 80 ரூபாயை ஒருத்தர் அடுப்புப் பக்கமே வராமல் எடுத்துக்கொண்டார்.

ருசி போனது போகட்டும், மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்கள். நான் எழுத வந்தது பில்லைப் பற்றி.

மதியம் 610 இலை என்று போட்டிருந்தார்.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 120 பேர்தான் உட்காரலாம். மேஜை, நாற்காலி எல்லாம் மண்டபத்துடையது. ஒரு நாற்காலிகூடச் சேர்த்துப் போட இடமில்லை. மூன்று பந்தி நிறைந்தது, 360. நாலாவது பந்தி பாதிகூட இல்லை, 55 பேர். மேளக்காரர்கள், போட்டோ எடுத்தவர்கள், வேன் டிரைவர்கள் எல்லாரும் கடைசியில் உட்கார்ந்தது 25. ஆக 440. மீதி 170 இலைக்கு 44,200 ரூபாய். மொய் நோட்டை எடுத்து வைத்துப் பார்த்தாலும் குடும்பக் கணக்கு இதோடுதான் ஒத்துவந்தது.

எப்படி 610 ஆனது என்று அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்ததில் தொழில் ரகசியம் எல்லாம் வெளியே வந்தது. "இலைக் கணக்கு" என்று நாம் சொல்லும்போது சாப்பிட்ட ஆளை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் போட்ட இலையை எண்ணுகிறார்கள். நாலாவது பந்தியில் 55 பேர் உட்காரும்போது 120 இலையும் போட்டு, உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி எல்லாம் முன்கூட்டியே பரிமாறிவிட்டார்கள். ஆள் இல்லாத இலையெல்லாம் மடித்து எடுக்கப்பட்டன, கணக்கில் மட்டும் நின்றன. கிழிந்த இலைக்கு மாற்று இலை போட்டால் இரண்டு. சப்ளை, கழுவுகிற ஆட்கள், சமையல் ஆட்கள் சாப்பிட்டதும் நம் தலையில். போதாததற்கு மூன்றாவது பந்தியில் யாரென்றே தெரியாத இரண்டு குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் என்று நாங்கள் விழுந்து விழுந்து உபசரித்தோம்; பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு ருசி பார்க்க வந்தவர்களாம். அப்போதுதான் திருக்கடையூர்ப் பெரியவர் ஞாபகம் வந்தது. எங்கள் வேன் ஆட்கள் சாப்பிட்ட இலையெல்லாம் அந்தப் பாவப்பட்ட மனுஷர் பில்லில்தான் ஏறியிருக்கும்.

பில்லின் அடியில் ஜிஎஸ்டி 18 சதவீதம் வேறு. வெளி கேட்டரிங்குக்கு 5 சதவீதம்தான். மண்டப வாடகைக்குத்தான் 18. "உங்க ஜிஎஸ்டி நம்பர் எங்கே?" என்றேன். தமிழ்நாட்டு எண் என்றால் 33-இல் தொடங்கி எண்ணும் எழுத்துமாக 15 இருக்கும். பேசாமல் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். எண் இல்லாதவருக்கு வரி வசூலிக்க உரிமையே இல்லை.

இலையைக் குறைக்க மட்டும் ஒப்பவில்லை. அவருக்கு அவசரமும் இல்லை. அவசரம் எங்களுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டார் பட்டுக்கோட்டை. பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்ப வேன் தயாராக நிற்கிறது. வழிக்குக் கட்டுச்சாதம் கொடுத்துவிட வேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிய கூடை சமையல்கட்டில் இருக்கிறது, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அவருடைய ஆள் நிற்கிறான். "கணக்கு முடிச்சுட்டா எடுத்துக்கலாம் சார்." சம்பந்தியம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நிமிஷத்தைத்தான் இந்த ஆட்கள் நம்பி இருக்கிறார்கள். மகள் கிளம்புகிற நேரத்தில் எந்த அப்பன் இலை எண்ணிக்கொண்டு நிற்பான்? அத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நான் பில்லை வாங்கி, "170 இலைக்கு ஆட்சேபணையோடு கொடுக்கப்பட்டது" என்று எழுதி, நேரம் போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் படிக்காமலேயே போட்டார்.

அந்த ஒரு வரியும் வீடியோவும்தான் இப்போது எங்கள் சாட்சி. வீடியோ எடுத்தவர் பந்தி பந்தியாக, வரிசை வரிசையாக எடுத்திருந்தார். வெட்டாத பதிவை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் எடிட் செய்வதற்கு முந்தைய பதிவைக் கேட்டு வாங்குங்கள், ஆல்பம் வந்ததும் அழித்துவிடுவார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் சொன்னோம். பிறகு வக்கீல் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கல்யாணக் களைப்பில் "போனா போவுது" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த மண்டபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாவி கொடுக்கும்போது மேனேஜர் என்னை மின்சார மீட்டர் முன்னால் நிறுத்தி ரீடிங்கை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். காலி செய்யும்போதும் அதே மாதிரி. ஜெனரேட்டர் ஓடின நேரத்துக்கும் அப்படியே. ஒரு ரூபாய் சண்டை இல்லை. சில ஆயிரம் ரூபாய்க் கரண்டுக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது, ஒன்றரை லட்ச ரூபாய்ச் சாப்பாட்டுக்கு எவனோ வாயில் சொல்கிற எண்தான் கணக்கு.

டோக்கன் போடலாம் என்று ஒரு தம்பி யோசனை சொன்னான். தஞ்சாவூர் ஜில்லாவில் டோக்கன் வாங்கிக்கொண்டு பந்தியில் உட்கார வைத்தால் சொந்தக்காரர்கள் ஏழு தலைமுறைக்குப் பேச மாட்டார்கள். அதைவிட இலையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். திருவையாற்றுப் பக்கம் தோட்டத்திலேயே சொல்லி வைத்தால் நறுக்கி வந்துவிடும். முகூர்த்த நாளில் விலை ஏறும், அதற்காகப் பார்க்காதீர்கள். பந்தி ஆரம்பிக்கும் முன் எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் மிச்சத்தை எண்ணித் திரும்ப வாங்குங்கள். ஒவ்வொரு பந்தி முடிவிலும் உங்கள் பக்கம் ஒருத்தர், அவர்கள் பக்கம் ஒருத்தர் ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பந்தி விசாரிக்கிற மாமாவிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவர் உபசாரத்தில் இருப்பார். கணக்கு எழுத ஒரு கல்லூரிப் பையன் போதும். ஆள் உட்காராமல் இலை போடக்கூடாது, சமையல் ஆட்கள் சாப்பாடு கணக்கில் சேராது, ருசி பார்க்க வருகிறவர்கள் செலவு காண்ட்ராக்டருடையது என்று பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். மாஸ்டர் பெயரும் அதில் இருக்கட்டும். அவர் வரவில்லையென்றால் இலைக்கு எவ்வளவு குறையும் என்பதும் இருக்கட்டும். கட்டுச்சாதத்தை மட்டும் அவர்களிடம் விடவே விடாதீர்கள். பெரியம்மாவோ அத்தையோ வீட்டிலேயே கிளறிக் கட்டிவிடலாம்.

நோட்டீஸ் கிடைத்ததும் காண்ட்ராக்டர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். அதே வெள்ளை வேட்டி, அதே எலுமிச்சம்பழம். "கேஸெல்லாம் எதுக்குங்கம்மா, தலைதீபாவளிக்குப் பட்சணம் பூரா பாதி ரேட்டுல நானே போட்டுத் தர்றேன்" என்றார். எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்துக்கொண்டோம். அதிரசத்துக்கு அக்கா வீட்டிலேயே அரிசி இடிக்கச் சொல்லிவிட்டாள். மனு விசாரணைக்கு வரும்போது என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.