பெரும்பொழுதா, சிறுபொழுதா? வேலூரைத் தந்திகளில் எழுதும் இரண்டு வழிகள்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. இந்த நால்வர் குழுவுக்கு, தலா இரண்டு நிமிட அளவில் ஆறு சிறு உருப்படிகள் எழுத விரும்பினேன். வேலூரின் நிலமும் பொழுதும் அவற்றில் ஒலிக்க வேண்டும். நிலம், பொழுது இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். பொழுதிலும் இரு வகை உண்டு: கார் முதல் முதுவேனில் வரை ஆண்டின் பருவங்கள் பெரும்பொழுது, மாலை முதல் எற்பாடு வரை ஒரு நாளின் வேளைகள் சிறுபொழுது. (சிறுபொழுது ஐந்தா ஆறா என்று உரைகாரர்கள் வேறுபடுவார்கள்; நான் ஆறாகவே கொண்டேன்.) இரண்டு வழியிலும் எழுதிப் பார்த்தேன்.

முதலில் என்னை இழுத்தது பெரும்பொழுதுதான். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1950இல் முடித்த நால்வர் இசையும் பருவங்களைப் பற்றியதே; அதில் குளிர்காலம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆனால் அந்த அசைவின்மைக்கு அவர் நீண்ட நேரம் கொடுத்தார். என்னிடம் இருப்பது இரண்டு நிமிடம். அதற்குள் ஒரு பருவம் பிறந்து மறையாது. அதன் அடையாளங்களைத்தான் அடுக்க முடிகிறது. கார்ப் பருவத்துக்கு, மழைக்குரியதாகச் சொல்லப்படும் அமிர்தவர்ஷினி ராகத்தை எடுத்தேன், விரலால் மீட்டித் துளிகளைச் சேர்த்தேன். கேட்ட நண்பர்கள் முதல் வரியிலேயே "மழை" என்று சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த வரிகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முன்பனியும் பின்பனியும் என் கையில் ஒரே உருப்படியாகிவிட்டன.

சிறுபொழுது அப்படியில்லை. அது நம் கண்முன்னே மாறுகிறது, இசையும் அப்படித்தான் மாறுகிறது. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை என்றால், இரண்டு நிமிடம் ஆதி தாளத்தில் 15 ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட 15 சுற்று. வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கே மலைகள் நிற்பதால், சூரியன் தெரியும் முன்பே அகழி நீர் வெளுத்துவிடும். வைகறைக்கு அந்த இடைவெளியையே எடுத்துக்கொண்டேன். பத்து ஆவர்த்தனம் வரை மூன்று வாத்தியங்கள் ஒரே ஒலியைப் பிடித்திருக்க, முதல் வயலின் மட்டும் மெல்ல மேலேறுகிறது. இதை ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹெய்டனிடம் கற்றேன். அவர் 1797இல் எழுதிய ஒரு நால்வர் இசை இப்படித்தான் தொடங்குகிறது. அதனாலேயே பிற்காலத்தில் அதற்குச் 'சூரியோதயம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

நண்பகலுக்குத்தான் அதிக நாள் செலவிட்டேன். நம் ஊர்ப் பாறை மலைகளின் மேல் வெக்கை அலையும்போது எதுவும் நகர்வதாகத் தெரியாது, ஆனால் எல்லாம் நடுங்கும். வில்லை, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரைக்கு மிக அருகில் வைத்து இழுத்தால் ஒலி கண்ணாடிபோல் கீச்சிடும். வயலின்கள் தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் வாசித்தால் அது இன்னும் மெலியும். அடியில் செல்லோவின் மிகத் தடித்த தந்தி இடைவிடாமல் ஒலிக்கிறது. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் ஒருசேரச் சொன்னார்கள் அல்லவா? இந்த ஓர் உருப்படியில் பெரும்பொழுதும் தானாக வந்து சேர்ந்தது.

இன்னொரு லாபமும் உண்டு. பகலில் வாங்கிய வெப்பத்தைப் பாறை இரவில்தான் விடுகிறது. ஆகவே யாமத்தில், நண்பகலில் வயலின்கள் வாசித்த அதே ஸ்வரங்களை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கி, ஒலியடக்கி பொருத்தி வாசிக்கச் சொன்னேன். பருவங்களாக எழுதியபோது இப்படி ஓர் உருப்படி இன்னொன்றின் நினைவைச் சுமக்கவே இல்லை. மற்ற மூன்று பொழுதுகளும் சிரமமின்றி அமைந்தன.

எனவே என் தேர்வு சிறுபொழுதே. ஆனால் அது பாலாற்றிடம் தோற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் எந்த வேளையும் ஒன்றுபோலத்தான். 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு ஓடியது. அதைச் சொல்ல, ஐப்பசி கார்த்திகைப் பருவமான கூதிரைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு பருவத்தை ஏழாவது உருப்படியாக வைத்துக்கொண்டேன். அதை யாமத்துக்கும் வைகறைக்கும் நடுவில் செருகியிருக்கிறேன், ஏனென்றால் அந்த வெள்ளத்தின் இரைச்சலை நான் முதலில் கேட்டது இருட்டில்தான்.