ஃபின்ச் ஜோடிக்குப் பிரம்புக் கூடா, மரப்பெட்டியா: எட்டு மாத அனுபவம்

ஃபின்ச் என்ற சின்னக் கூண்டுப் பறவையை வளர்க்க ஆரம்பிக்கும் நிறைய பேர் முதலில் வாங்குவது உருண்டையான பிரம்புக் கூட்டைத்தான். பார்க்க அழகாக இருக்கும், நானும் மூன்று வாங்கினேன். அப்புறம் முன்பக்கம் பாதி திறந்த மரப்பெட்டி மூன்று வாங்கி, மூன்று ஜோடி ஜீப்ரா ஃபின்ச் இருக்கும் பெரிய கூண்டில் ஆறையும் ஒரே உயரத்தில் மாட்டினேன் (ஜோடிக்குக் குறைந்தது இரண்டு கூடு வேண்டும், உயரம் மாறினால் எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பதுதான் வேண்டும், சண்டை ஓயாது). இப்போது மாட்டியிருப்பது ஆறும் மரப்பெட்டிதான்.

முக்கியக் காரணம் இடம். ஜீப்ரா ஃபின்ச்சில் ஆணும் பெண்ணும் பகலில் முறை வைத்து அடைகாக்கும், இரவில் இரண்டும் உள்ளே சேர்ந்து படுக்கும். நான்கு முதல் ஆறு முட்டை இடும், 12-14 நாளில் பொரியும், மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளியே பறந்துவிட்டாலும் கொஞ்ச நாள் இருட்டியதும் அதே கூட்டுக்குத்தான் தூங்க வரும். நான் வாங்கிய பிரம்புக் கூட்டில் பெரிய பறவை இரண்டும் திரும்பவே இடமில்லை, இரண்டு முட்டை வாசல் வழியாக உருண்டு விழுந்து உடைந்தன. பிரம்பு இடுக்கில் உண்ணி புகுந்தால் எடுக்கவும் வழியில்லை. மரப்பெட்டி ஒவ்வொரு பக்கமும் சுமார் 13 செ.மீ., மூடியைத் திறந்து கொதிநீர் ஊற்றிக் கழுவலாம், முன்பலகை முட்டையை விழவிடாது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பெட்டியில் திருகாணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது, அரத்தால் தேய்த்தேன். அதைவிட மோசம், பெட்டியோடு இலவசமாக வந்த பஞ்சுநூல் பொட்டலம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு பெண் பறவை கம்பின் ஓரத்தில் ஒரு காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறது, விரலில் நூல் நாலு சுற்று இறுகி வீங்கியிருக்கிறது, அதன் ஆண் ஒட்டி உட்கார்ந்து கழுத்து இறகைக் கோதிக்கொண்டே இருக்கிறது. நகவெட்டும் கத்தரிக்கோலின் நுனியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். விரல் பிழைத்தது, நகம் போய்விட்டது. அந்தப் பொட்டலத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய் நார், காய்ந்த புல் போதும். ஆண் ஒவ்வொரு நாராகக் கொண்டு வரும், பெண் உள்ளே வாங்கி அடுக்கும். முதல் முட்டையைப் பார்த்ததும் மீதி நாரைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆண் கொண்டுவந்துகொண்டே இருக்கும், முட்டைகள் அடியில் புதைந்து சூடு கிடைக்காமல் வீணாகும்.

பெட்டியை மாட்டுவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது ஜோடி. கடையில் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பிடித்துக் கொடுத்தால் அது ஜோடி ஆகிவிடாது. என் ஆறில் 'ஜோடி' என்று வாங்கிய இரண்டு, ஒரு மாதம் கம்பின் இரு முனைகளில்தான் உட்கார்ந்தன; எல்லாவற்றையும் ஒன்றாக விட்டதும் வேறு வேறு துணையைத் தேடிக்கொண்டன. 2015-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், தாமே துணை தேர்ந்த ஜீப்ரா ஃபின்ச்சுகளுக்கு, ஆய்வாளர்கள் சேர்த்துவைத்த ஜோடிகளைவிட 37 விழுக்காடு அதிகமாகக் குஞ்சுகள் பிழைத்தன. உடம்பு உரச உட்கார்ந்து ஒன்றையொன்று கோதிவிடும்வரை பொறுத்திருங்கள், அப்புறம் பெட்டியை மாட்டலாம்.

கோல்டியன் ஃபின்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி சரிவராது. அவை காட்டில் மரப்பொந்தில் கூடு கட்டுபவை, மூடிய பெட்டியும் சின்ன வட்ட வாசலும்தான் வேண்டும். ஜீப்ராவுக்குத் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இரண்டு முறை பொரித்த குஞ்சுகள் வளர்ந்து வெளியேறியதும் பெட்டிகளைக் கழற்றிவிடுங்கள், விட்டால் நிறுத்தாமல் முட்டையிட்டுப் பெண் பறவை இளைத்துவிடும். நான் வரும் வாரம் கழற்றப் போகிறேன். நேற்று இரவு டார்ச்சை ஓரமாகப் பிடித்துப் பார்த்தபோது, இடது ஓரப் பெட்டியில் முன்பலகைக்கு மேலே ஆறு அலகுகள் வரிசையாகத் தெரிந்தன.