ஸ்டேஷன் பக்கம் ரூமா, ஊர் நடுவிலா?

நான்கு நாள் பயணம், நடுவில் ரயிலேறிப் பக்கத்து ஊர்களுக்கும் போய்வர வேண்டும். ரூமை எங்கே போடுவது?

காலையில்: ஸ்டேஷன் பக்கம் என்றால் 7 மணி ரயிலுக்கு 6:40க்குக் கிளம்பலாம். ஊர் நடுவில் என்றால் விடியும் முன்பே வண்டி தேட வேண்டும். அப்புறம், பெரிய நகரங்களில் ஸ்டேஷன் ஒன்றுக்கு மேல் இருக்கும். உங்கள் ரயில் எதிலிருந்து புறப்படுகிறது என்று பார்த்த பிறகே ரூம் போடுங்கள்.

மாலையில்: ஊர் நடுவுதான் சுகம். கால் வலியோடு வந்து, முகம் கழுவி, மறுபடி தெருவில் இறங்கி நடக்கலாம்.

தூக்கம்: ஸ்டேஷன் பக்கம் என்றால் தண்டவாளத்தைப் பார்க்காத ரூமாகக் கேளுங்கள்.

இரண்டு நாளாவது ரயிலென்றால் ஸ்டேஷன் பக்கம். ஒரே நாள்தான் என்றால், யோசிக்காமல் ஊர் நடுவில்.