மலையேறிய முற்றமும் மலையிலேயே பிறந்த கல்சுவரும்

"உள்ளூர்க் கட்டட மரபில் எழுந்த சொகுசு விடுதி" என்று கொடைக்கானல் விளம்பரங்களில் வரும்போதெல்லாம், எந்த ஊர் மரபு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் போய், 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்ட பிறகு, கீழே நன்றாக இருந்த வீடு மேலேயும் நன்றாக இருக்கும் என்று எப்படி நம்புவது? இரண்டு வகையிலும் தங்கிப் பார்த்துவிட்டேன்.

முதலாவது செட்டிநாட்டுப் பாணி. தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், கையால் செய்த ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தளம். படம் எடுக்க இதை மிஞ்சிய இடமில்லை. காரைக்குடி வெயிலில் முற்றத்துக்கு வேலை உண்டு: சூடான காற்று மேலேறி வெளியே போகும், தாழ்வாரம் குளிர்ந்து கிடக்கும். நான்கு கூரைகளின் மழைநீரும் உள்ளே இறங்குவது வறண்ட சீமைக்கு வரம். கொடைக்கானலில் வெளியேற்ற எந்தச் சூடு இருக்கிறது? நான் தங்கிய விடுதியில் மழைக்கும் மூடுபனிக்கும் பயந்து முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். மூடிய பிறகு அது வெறும் கூடம். ஆத்தங்குடிக் கல்லோ சித்திரை வெயிலில் வெறுங்காலுக்குச் சுகம். மார்கழிக் காலையில் மலையில் அதன்மேல் கால் வைக்க முடியவில்லை. அம்மா இரண்டு நாளும் காலுறையோடுதான் நடமாடினார்.

கொண்டுபோயிருக்க வேண்டியதைக் கொண்டுபோகவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவைக்காது, மலைக்கு ஏற்றது. அங்கே இருந்ததோ சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் பெயிண்டும், மூலையில் பூஞ்சணமும்.

இரண்டாவது பழைய கல் பங்களா. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குத் தப்ப முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அந்த வழியில் வந்தவைதான் இந்தத் தடித்த கல்சுவர், சாய்ந்த கூரை, குளிர்காய விறகெரிக்கும் கணப்பு. குறைகளும் உண்டு: அறை பகலிலேயே இருட்டு, விறகுப் புகை போர்வையில் ஒட்டிக்கொள்கிறது, விறகுக்குத் தனிக் கட்டணம். ஆனாலும் இரவில் தூக்கம் வந்தது.

வெள்ளைக்காரர் வீடு எப்படி உள்ளூர் மரபாகும் என்று மாமா சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்விதான். பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறைக்குப் போய்ப் பாருங்கள்: ஒன்றையொன்று ஒட்டிக் குளிருக்கு ஒடுங்கி நிற்கும் வீடுகள். மலைக்காரர்களின் சொந்த மரபு அது. அதை நகலெடுத்த சொகுசு விடுதி எதுவும் என் கண்ணில் படவில்லை. வாடகைக்கேற்ற பகட்டு அதில் இல்லையே!

உள்ளூர் மரபிலிருந்து கடன் வாங்கும் விதத்தைக் கற்க மலையேற வேண்டியதில்லை. மதுரை கொச்சடையில் 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஒரு கிளப்பை வடிவமைத்தார். இன்று அது ஹோட்டல். உள்ளூர்க் கல்லை எடுத்து மதுரை வெயிலுக்கு நிழல் செய்திருக்கிறார்.

சித்திரை, வைகாசியில் போகிறவர்களுக்கு முற்ற விடுதியே போதும், அறையும் வெளிச்சமாக இருக்கும். ஐப்பசி முதல் தை வரை என்றால் கல் பங்களாதான். முன்பதிவின்போதே விறகு வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.