கெண்ட் நகரின் கிராவன்ஸ்டேன் கோட்டை: சுவரைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு விருந்து

பெல்ஜியம் போகிறேன், கெண்ட் நகரில் ஒரு நாள் இருப்பேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான். கிராவன்ஸ்டேன் கோட்டைக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் அங்கே இருக்கும் சித்திரவதைக் கருவிகளைப் பார்ப்பதற்காகப் போகாதீர்கள். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் நான். ஒரு சுவர் முன்னால் நின்றால் எது ஆதியில் வைத்த கல், எது பிற்பாடு சேர்த்தது என்றுதான் கண் தேடும். அப்படித் தேடுகிற கண்ணுக்கு இந்தக் கோட்டை அள்ளிக் கொடுக்கிறது.

சிந்த் பீட்டர்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ட்ராம் பிடித்தால் கோட்டை வாசலிலேயே இறங்கிவிடலாம். இறங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். நுழைவாயிலை நிமிர்ந்து பாருங்கள். மேலே சிலுவை வடிவத்தில் ஒரு திறப்பு இருக்கிறது. அதோடு, 1180-இல், கெண்ட் அடங்கிய பிளாண்டர்ஸ் பகுதியின் பிரபு பிலிப் இந்தக் கோட்டையைக் கட்டுவித்தார் என்று லத்தீனில் ஒரு கல்வெட்டு. கட்டுவதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் பிலிப் புனித பூமிக்குப் போய் வந்திருந்தார். அங்கே சிலுவைப் போர் வீரர்கள் எழுப்பியிருந்த கோட்டைகளின் சாயல் இதில் உண்டு என்பார்கள். பிறகு மறுபடியும் அங்கேயே போய், 1191-இல் ஏக்கர் என்ற துறைமுக நகரின் முற்றுகையின்போது நோயில் இறந்து போனார். தான் கட்டிய கோட்டையில் அவர் அதிக காலம் வாழவில்லை.

இவ்வளவு பெரிய கோட்டை ஊருக்கு நடுவில் எதற்கு? வெளியிலிருந்து வரும் எதிரிக்காக மட்டும் என்றால் இடம் பொருந்தவில்லை. கெண்ட் அப்போது கம்பளித் துணியில் கொழித்த ஊர். வியாபாரிகள் கோபுரம் வைத்த கல் வீடுகளைக் கட்டிக்கொண்டு பிரபுவுக்குச் சமமாகத் தலை நிமிர்ந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக எழுப்பிய சுவர் இது. சிந்த் வேர்லே சதுக்கத்தில் நின்று பார்த்தால் யாரும் சொல்லாமலே புரியும். இத்தனைக்கும் அந்த மக்கள் அடங்கிப் போகவில்லை. 1301-இல் கலகம் செய்து கோட்டைக்குள்ளேயே புகுந்தார்கள்.

நான் போனபோது டிக்கெட் 13 யூரோ. சுற்றுலாப் பயணிகளுக்கான கெண்ட் சிட்டி கார்டு வைத்திருந்தால் தனியாக வாங்க வேண்டாம். ஆடியோ கைடும் அந்தக் காசிலேயே வந்துவிடுகிறது. வவுட்டர் டெப்ரெஸ் என்ற பெல்ஜிய நகைச்சுவைக் கலைஞர் எழுதியது. பிரபுவின் குடும்பச் சண்டை, விருந்து, காதல் என்று கதையாகப் போகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல துணை. எனக்கு என்னவோ சில அறைகளில் காதிலிருந்து அதை எடுத்துவிட்டுச் சுவரை மட்டும் பார்க்கத் தோன்றியது. நீங்களும் நிலவறையிலாவது அப்படிச் செய்யுங்கள்.

ஏனென்றால் நிலவறைதான் இந்தக் கோட்டையின் உயிர். பிலிப் வெறும் தரையில் கட்டவில்லை. இங்கே முதலில் மரத்தால் ஆன கோட்டை இருந்தது. பிறகு 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் கல்லால் ஒரு பெரிய வீடு எழுந்தது. பிலிப் அந்த வீட்டை இடிக்காமல், அதைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் தலைமேல் தன் நடுக்கோபுரத்தை ஏற்றினார். பழைய வீட்டின் தரைத்தளம் இப்படித்தான் நிலவறை ஆனது. இப்போது உள்ளே இறங்கினால் மண்ணுக்கடியில் ஜன்னல் தெரிகிறது, கணப்பு அடுப்பு இருந்த இடம் தெரிகிறது. வெளிச்சமே வராத இடத்தில் யார் ஜன்னல் வைப்பார்கள்? ஒரு காலத்தில் அது வெயில் பட்ட சுவர். கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பழைய கொத்தில் கற்கள் சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல், சாந்து தடிமனாக இருக்கும். நிறம் நீலம் கலந்த சாம்பல். டூர்னே என்ற ஊர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் இது. ஸ்கெல்டே ஆற்றில் படகேற்றிக் கொண்டுவந்தார்கள். நான் அந்த ஒரு மூலையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

1353-இல் பிளாண்டர்ஸ் பிரபுக்கள் வசதியான வேறு அரண்மனைக்குக் குடி மாறினார்கள். அதற்குப் பின் இங்கே நாணயச் சாலை நடந்தது, நீதிமன்றம் நடந்தது, சிறை இருந்தது. அந்தக் காலத்தை நினைவுபடுத்தத்தான் கைவிலங்குகள், கத்திகள், தலை வெட்டும் கில்லட்டின் எல்லாம் வைத்திருக்கும் அறை. கூட்டம் அங்கேதான் நெருக்குகிறது. அவசியமான வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்த கையோடு திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அவர்கள் தவறவிடுவது 19-ஆம் நூற்றாண்டை. நீதிமன்றம் காலி செய்ததும் 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கோட்டை தனியார் கைக்கு வந்தது, சில வருடங்களில் பஞ்சாலை ஆனது. லீவன் பவ்வன்ஸ் என்ற கெண்ட்காரர் மியூல் ஜென்னி என்கிற நூற்பு இயந்திரத்தை இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கடத்தி வந்த காலம் அது. ஊர் முழுக்க ஆலைகள் முளைத்தன, பிரபுவின் கோட்டைக்குள்ளும் நூற்புக் கதிர்கள் சுழன்றன. ஆலைத் தொழிலாளிகள் கோட்டைக்குள்ளேயே குடும்பத்தோடு குடியிருந்தார்கள். வெளிச்சுவரில் சாய்த்து வீடுகள் எழுந்தன. இரும்புக் கவசம் போட்டவர்கள் இங்கே வாழ்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் இதே சுவர்களுக்குள் உழைத்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு உள்ளே நடங்கள். கோட்டை உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

பிறகு ஆலைகள் ஊருக்கு வெளியே போயின, கட்டடம் சீரழிந்தது, இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அந்தக் கட்டத்தில் அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். 1893 வாக்கில் தொடங்கி ஜோசப் டி வாலே என்ற கட்டடக் கலைஞர் மேற்பார்வையில் செப்பனிட்டார்கள். 1907-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1913-இல் கெண்ட் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஊரின் முகமே இதுதான்.

டி வாலேயைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு இங்கே கல் மேல் கல் நின்றிருக்காது. ஆனால் 1180-ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற வேகத்தில், இடைக்காலக் கோட்டை எப்படி இருக்கும் என்று தன் காலத்தார் நினைத்தார்களோ அப்படிக் கட்டியிருக்கிறார். தட்டையான கூரைகளும் கிழக்குப் பக்க இணைப்புக் கட்டடத்தின் ஜன்னல்களும் ஆதியில் இருந்தவை அல்ல என்றே கருதுகிறார்கள். ஆலைக் காலத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டார். ஒரே ஒரு ஆலைச் சுவரையாவது விட்டிருக்கலாம். ஒரு கட்டடம் பட்ட பாட்டையெல்லாம் அழித்து ஒரே வயதைக் காட்டச் செய்வதை என் தொழிலில் இன்றைக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கோபுர உச்சிக்குக் குறுகலான சுழல் படிகள்தான் வழி. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், சக்கர நாற்காலிக்கு வழி இல்லை. மழை நாளில் கல் வழுக்கும். ஏறிவிட்டால் சிந்த் நிக்கோலாஸ் கோயில், மணிக்கூண்டு, சிந்த் பாவோ பேராலயம் மூன்றின் கோபுரங்களும் எதிரே நிற்கும். இறங்கி வெளிமதிலைச் சுற்றியும் நடந்து வாருங்கள். சின்னச் சின்னக் காவல் கோபுரங்கள் மதிலிலிருந்து வெளியே பிதுங்கி வரிசையாக நிற்கின்றன, கீழே அகழித் தண்ணீர். 1949 நவம்பர் 16-ஆம் தேதி பீர் வரி உயர்வை எதிர்த்துப் பல்கலைக்கழக மாணவர்கள் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். மேலே இருந்து போலீஸ் மேல் அழுகிய பழங்களை வீசினார்கள். பிரபுவுக்குப் பயப்படாத ஊர் என்று சொன்னேன் அல்லவா!

காலையில் திறந்ததும் போய்விட்டால் நிலவறையை நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அப்புறம் பக்கத்திலுள்ள பாட்டர்ஸ்ஹோல் சந்துகள் வழியாக மின்னமீர்ஸ் தெருவுக்கு நடந்து போங்கள். அங்கே ஒரு பழைய பஞ்சாலையில் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது, டிக்கெட் தனி. கோட்டையில் துடைத்துப்போட்ட அந்த நூற்றாண்டு அங்கே பத்திரமாக இருக்கிறது, மியூல் ஜென்னி இயந்திரம் உட்பட.