டெஸ்க்டாப்பில் ஒரு கடிகாரம் வேண்டுமா? ரெயின்மீட்டர் போடுங்கள்

விட்ஜெட் என்பது கடிகாரம், வானிலை மாதிரி ஒரு விஷயத்தைத் திரையில் காட்டும் சின்னப் பெட்டி. எதையும் கிளிக் செய்யாமல், அந்தப் பக்கம் பார்த்தாலே விஷயம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு. விண்டோஸ் 11 கூடவே வரும் விட்ஜெட் பலகை இதிலேயே ஃபெயில். விண்டோஸ் கீயோடு டபிள்யூவை அழுத்தினால்தான் இடப்பக்கமிருந்து அது எட்டிப் பார்க்கும், வானிலை பார்க்கப் போனால் கீழே யார் கேட்டார்கள் என்று தெரியாத செய்திகள் வரிசைகட்டி நிற்கும். இப்போது செட்டிங்ஸில் போய் அந்தச் செய்திகளை நிறுத்தலாம் என்பது ஒரு ஆறுதல்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் இருந்த கேட்ஜெட்கள் திரையிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். அவற்றின் வழியே வேற்று ஆட்கள் கணினிக்குள் புகுந்துவிடலாம் என்று 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே எச்சரித்து, அணைத்துவிடச் சொன்னது. விண்டோஸ் 8-ல் ஆளையே காணோம்.

அந்த இடத்துக்கு நான் வைத்திருப்பது ரெயின்மீட்டர் என்ற விண்டோஸ் மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். போட்டதுமே இல்லுஸ்ட்ரோ என்ற ஸ்கின் (ரெயின்மீட்டரில் விட்ஜெட்டுக்குப் பெயர் இதுதான்) வந்து உட்காரும்: கடிகாரம், டிஸ்க்கில் எவ்வளவு இடம், சிபியு, ரேம், ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) மூன்றுக்கும் சின்னச் சின்னக் கோடுகள். பிரவுசரில் டேப் ஏற ஏற ரேம் கோடு நீளுவதைப் பார்த்தாலே நாலு டேப்பை மூடிவிடத் தோன்றும். பிடிக்கவில்லையா, ரைட் கிளிக் செய்து எடிட் ஸ்கின் கொடுங்கள், நோட்பேடில் திறக்கும். அதில் 'மெஷர்' என்ற பகுதி அளக்கும், 'மீட்டர்' என்ற பகுதி அதைத் திரையில் வரையும், இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்டேட் என்ற இடத்தில் உள்ள 1000 என்பது மில்லி செகண்ட், அதாவது விநாடிக்கு ஒருமுறை. லேப்டாப்பில் பேட்டரி முக்கியம் என்றால், விநாடி முள் இல்லாத ஸ்கின்னுக்கு அதைத் தாராளமாகக் கூட்டலாம்.

தமிழில் கிழமை பெயர் போடப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துகளை ஃபைலில் சேமிக்கப் பல முறைகள் உண்டு; நோட்பேட் தானாக யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும், ரெயின்மீட்டர் அதைக் கண்டபடி படித்துக் கொக்கி கொக்கியாகக் காட்டும். சேவ் ஆஸில் போய் யுடிஎஃப்-16 எல்இ என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவுக்கு நிர்மலா யுஐ கொடுத்தால் கொம்பு, கால் எல்லாம் ஒழுங்காக வரும்.

குறை இல்லாமல் இல்லை. வானிலை ஸ்கின்கள் பல ஏதோ ஒரு இணையப் பக்கத்திலிருந்து எண்களை உருவி எடுப்பவை, அந்தப் பக்கத்தின் அமைப்பு மாறினால் அன்றோடு வெற்றுப் பெட்டிதான். டீவியன்ட்ஆர்ட் என்ற தளத்தில் ஸ்கின்கள் மலைபோல் கிடக்கின்றன, ஆனால் அந்தப் பொதிகளுக்குள் பிளகினும், அதாவது கணினியில் ஓடும் துணை நிரலும், சேர்ந்து வரலாம், கேட்ஜெட்களுக்கு வந்த அதே ஆபத்து. யார் போட்டது என்று தெரியாததை நான் தொடுவதில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த நோட்பேட் வேலையே வேண்டாம். 2023-ல் வந்த சோனோமா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து ஐபோன் விட்ஜெட்டையே டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். என்ன, சிபியு கோட்டை நம் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது.